தகப்பனுக்கு வேற குடி

“குடிச்சுக் குடிச்சு ஈரலக் கெடுத்துப்போட்டு இஞ்ச வந்து கிடந்தா நாங்க என்ன செய்யிற?”

தாதி இதைச் சொன்னபோது பக்கத்துக் கட்டில்காரரைப் பற்றிச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். செங்கலடியிலிருந்து பஸ் மாறி மாறி வந்து அப்போதுதான் வார்ட்டுக்குள் நுழைந்திருந்தேன். ஒரு கையில் மாற்றுச் சாரம், மறுகையில் சுடுதண்ணிப் போத்தல். ஆனால் தாதியின் விரல்கள் சரிசெய்துகொண்டிருந்தது என் அண்ணனின் கையில் ஏறிக்கொண்டிருந்த சேலைன் குழாயை.

“ஆரச் சொல்லுறீங்க மிஸ்?”

“வேற ஆர? இவரத்தான்.”

என் அண்ணனுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. பழுகாமத்தில் வயல் செய்கிறவன். வாழ்க்கையில் ஒருநாளும் சாராயம் தொட்டவனில்லை. அதற்குப் பின்னால் பெரிய கொள்கை, விரதம் என்று எதுவுமில்லை. அந்த வாடை பட்டாலே அவனுக்கு ஓங்காளிக்கும். கல்யாண வீடுகளில் கூட்டாளிமார் வளவின் பின்பக்கம் ஒதுங்கும்போது இவன் சமையல்காரரோடு நின்று வெங்காயம் உரிப்பான். அதை வைத்து அவனை எவ்வளவோ பகிடி பண்ணியிருக்கிறார்கள்.

“மிஸ், இவர் குடிக்கிறதில்ல” என்றேன்.

“எல்லா வீட்டு ஆக்களும் இதைத்தான் சொல்லுற. உங்கட அம்மாவே டொக்டரிட்டச் சொல்லிட்டா, பரம்பரைக் குடியாம். நீங்க டீச்சராம், படிச்ச ஆக்களே மறைச்சா எப்பிடி?”

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கட்டிலின் கால்மாட்டில், பிளாஸ்டிக் கதிரையில், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். அண்ணன் கண்ணைத் திறந்தான். வெள்ளை விழி இரண்டும் மஞ்சள் பூத்து, அதன்மேல் செக்கச்செவேலென்று இரத்தம் கட்டியிருந்தது. என்னை அடையாளம் கண்டதாகத் தெரியவில்லை. “மாட்டைக் கட்டுங்கோ, வயல் வட்டைக்குள்ள இறங்குது” என்று எதையோ உளறினான். கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. தெரியாத ஒருவர் பார்த்தால் குடிகாரன் என்றுதான் நினைப்பார். அதை நான் மறுக்கவில்லை.

தாதி அடுத்த கட்டிலுக்குப் போனதும் அம்மாவின் பக்கத்தில் குந்தினேன்.

“அம்மா, அண்ணன் குடிக்கிறவன் எண்டு நீங்களா சொன்னீங்க?”

“ஆரு சொன்ன? என்ட புள்ள எங்க குடிச்சான்?”

“பரம்பரைக் குடி எண்டு டொக்டரிட்டச் சொன்னீங்களாம்.”

“ஓம், அது சொன்னன். அவர் கேட்டார், நான் சொன்னன். நல்ல புள்ள பிள்ள அந்த டொக்டர். சிங்களப் பொடியன், ஆனா தமிழ் கதைக்கிறார். பேர், ஊர், சமயம் எல்லாம் கேட்டுட்டு மறுகா குடியும் கேட்டார்.”

டொக்டர் கேட்டது எந்தக் குடி, அம்மா சொன்னது எந்தக் குடி என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

எங்கள் பகுதியைத் தெரியாதவர்களுக்கு இதை இங்கே சொல்லிவிட வேண்டும். மட்டக்களப்பில் குடி என்றால் தாய்வழி. ஒவ்வொருவரும் ஏதாவதொரு குடியில் பிறக்கிறோம். அது தாயிடமிருந்து வருகிறது. அம்மாவின் குடி எதுவோ அதுதான் எனக்கும் அண்ணனுக்கும். அப்பாவின் குடி வேறு. ஒரே குடிக்குள் கல்யாணம் செய்வதில்லை. கோயில் நிர்வாகத்தில் குடிக்கு ஒருவர், அவரை வண்ணக்கர் என்போம். இரண்டு கிழவிகள் பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஊரைக் கேட்டபின் அடுத்ததாகக் கேட்பது “நீங்க என்ன குடி?” என்பதைத்தான். என் அம்மாவிடம் எழுபத்தாறு வருடமாக அந்த ஒழுங்கில்தான் கேட்டிருக்கிறார்கள். பேர், ஊர், குடி.

அண்ணி அப்போது குவைத்தில் வேலை செய்துகொண்டிருந்தாள். நான் செங்கலடிக்கு அங்கால் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். வார நாட்களில் அங்கேயே ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்குவேன். ஆகவே அன்று காலை அண்ணனை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு வைத்தியசாலைக்கு வந்தது அம்மா மட்டும்தான். எந்த வைத்தியசாலை என்று எழுதப் போவதில்லை. சிறியது, வாவிக்குப் பக்கத்தில் இருப்பது என்பதோடு விடுகிறேன்.

அம்மாவும் டொக்டரும் பேசியதை அம்மாவின் வாயிலிருந்து அன்று மூன்று தரம் கேட்டேன். மூன்று தரமும் ஒரு சொல்லும் மாறவில்லை.

“அம்மா, மகனுக்குக் குடி இருக்கா?”

“இரிக்கு மனே. குடி இல்லாத ஆள் ஆரு?”

“எவ்வளவு காலம்?”

“அது பரம்பரை பரம்பரையா வாறது மனே.”

“ஓ. அவருடைய அப்பாவுக்கும்?”

“இல்ல மனே. தகப்பனுக்கு வேற குடி.”

“வேற குடியா? என்ன, கசிப்பா?”

கசிப்பு என்ற கள்ளச் சாராயத்தைத்தான் அவர் கேட்கிறார் என்பது இந்த இடத்தில் அம்மாவுக்கு விளங்கவில்லை. வெளியூர்ப் பொடியன், குடியின் பெயரைத் தவறாகச் சொல்கிறார் என்று நினைத்துத் தலையை மட்டும் ஆட்டியிருக்கிறாள். பிறகு, பெரிய இடத்துப் பிள்ளை அக்கறையாகக் கேட்கிறதே என்ற பெருமையில் தானாகவே ஒன்றைச் சேர்த்திருக்கிறாள்.

“கோயில்லயும் எங்கட குடிக்குத்தான் மனே முதல்.”

இதைக் கேட்ட எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். இதை வாசிக்கும் நீங்களும் சிரித்திருக்கலாம். நான் உங்களைக் கோபிக்கவில்லை. ஆனால் அன்று பின்னேரம் அந்த வார்ட்டில், மாட்டைக் கட்டச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்த அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு நான் இருந்தபோது, அதில் சிரிக்க ஒன்றுமே இருக்கவில்லை.

தாதியிடம் மறுபடி போனேன். “மிஸ், அம்மா சொன்னது எங்கட குடிய, வம்சத்த. டொக்டர் கேட்டது வேற.”

அவர் பதிவேட்டிலிருந்து தலை நிமிராமல், “அதை டொக்டரிட்டச் சொல்லுங்க” என்றார்.

“டொக்டர் எங்க?”

“டியூட்டி முடிஞ்சு போயிட்டார். நாளைக்குக் காலம வருவார்.”

“அதுவரைக்கும்?”

“மருந்து போகுதுதானே.”

எனக்கு அந்த டொக்டர்மேல் வந்த கோபத்தைவிட இந்தத் தாதிமேல் வந்த கோபம் பெரிது. அவர் வெளியூர் ஆளில்லை. பேச்சைக் கேட்டாலே தெரிந்தது, எங்கள் கரையோரத்துக்காரர்தான். அவருக்கும் ஒரு குடி இருக்கும். அவருடைய அம்மாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அவரும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார். சாரம் கட்டிய ஒரு வயல்காரனைக் கண்டதும், சிவந்த கண்ணைக் கண்டதும், மீதியை அவர் தானே நிரப்பிக்கொண்டார்.

அன்று அங்கேயே இருந்தேன். அண்ணனுக்கு மூத்திரம் நின்றுபோயிருந்தது. அதைச் சொன்னபோதும் ஈரல் கெட்டால் அப்படித்தான் என்றார்கள். கெண்டைக்காலைத் தொட்டால் துடித்தான். அதைச் சொன்னேன். குடியை விட்டால் உடம்பு நோகும் என்றார்கள். காய்ச்சல் என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். நான் சொன்ன எதையும், கோப்பில் குடி என்று எழுதியிருந்த அந்த ஒற்றை வரி உள்ளே விடவில்லை.

காலையில் அந்த டொக்டர் வரவில்லை. அவருக்கு வேறெங்கோ கூட்டமாம். அவருக்குப் பதிலாக வந்த பெண் டொக்டர் கோப்பைப் புரட்டினார், அண்ணனின் கண்ணைப் பார்த்தார், பிறகு போர்வையை விலக்கிப் பாதத்தைப் பார்த்தார். குதிகாலில் வெடிப்பும், பெருவிரலுக்குப் பக்கத்தில் மண்வெட்டி பட்ட காயமும் இருந்தன.

“வயல் வேலையா?”

“ஓம் டொக்டர். போன கிழமை முழுக்கத் தண்ணிக்குள்ள நிண்டவன்.”

“இதை ஏன் ஒருத்தரும் எழுதேல்ல?” என்று அவர் கேட்டது என்னை அல்ல.

எலிக்காய்ச்சல். மாரியில் எங்கள் வயல்காரர்களுக்கு வருவது. எலியின் மூத்திரம் கலந்த தண்ணீரில் காயத்தோடு நின்றால் பிடிப்பது. கண் சிவக்கும், மஞ்சளாகும், கெண்டைக்கால் நோகும், சிறுநீரகம் விழுந்துவிடும். வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரையில் பள்ளிக்கூடம் போகாத பெண்களுக்குக்கூடத் தெரிந்த நோய். ஒரு முழு நாள் அதைச் சாராயம் என்று நினைத்து அண்ணனைப் போட்டு வைத்திருந்தார்கள்.

அம்புலன்ஸில் பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பதினெட்டு நாள். ஐந்து தடவை இரத்தம் சுத்திகரித்தார்கள். இன்னும் ஒருநாள் பிந்தியிருந்தால் என்று அங்கிருந்த டொக்டர் ஆரம்பித்தார். அம்மா பக்கத்தில் நின்றதால் நான் கையைக் காட்டி நிறுத்திவிட்டேன். அண்ணன் பிழைத்தான். சிறுநீரகம் பழையபடி வரவில்லை. இனிச் சேற்றில் இறங்கக் கூடாது என்றார்கள். வயல்காரனிடம்.

பாடசாலைக்குத் திரும்பிய முதல் நாள், ஆசிரியர் ஓய்வறையில் எல்லாவற்றையும் சொன்னேன். கொதித்துப்போய்த்தான் சொன்னேன். “தகப்பனுக்கு வேற குடி” என்ற இடம் வந்ததும் அறையே வெடித்துச் சிரித்தது. காத்தான்குடியிலிருந்து வரும் கணித ஆசிரியர் ஒருவர் மட்டும் சீக்கிரம் நிறுத்திக்கொண்டார்.

“இல்ல டீச்சர், இது சிரிக்கிற விசயமில்ல” என்றார். “எங்களுக்கும் குடி இரிக்கிதானே. பள்ளிவாசல் நிருவாகத்துக்குக் குடிக்கு ஒரு மரைக்காயர் எண்டு வாறதும் அதிலதான். எங்கட உம்மாட்ட இந்தக் கேள்வியக் கேட்டிருந்தா உம்மாவும் ஓம் எண்டுதான் சொல்லியிருப்பா. ஊர்ப் பேரிலயே குடிய வெச்சிரிக்கம். அப்ப ஊரே குடிகாரனா?”

அவர் அதைச் சொன்ன பிறகுதான் எனக்குக் கண்ணீர் வந்தது. அதுவரை வரவில்லை.

அன்று இடைவேளையில் நூலகத்தில் அகராதியை எடுத்தேன். இருபத்திரண்டு வருடமாகத் தமிழ் படிப்பிக்கிறவள், அந்தச் சொல்லை ஒருநாளும் தேடிப் பார்த்ததில்லை. அருந்துதல் என்ற குடி ஒரு பதிவு. வீடு, குடும்பம், வம்சம், ஒரு நாட்டு மக்கள் என்ற குடி வேறொரு பதிவு. சொற்பிறப்பை ஆராய்கிறவர்களும் இரண்டையும் வெவ்வேறு வேர்களாகத்தான் காட்டுகிறார்கள். குடிலும் குடிசையும் குடித்தனமும் இரண்டாவது குடியின் பிள்ளைகள். முதலாவதோடு அவற்றுக்கு ஒரு சொந்தமும் கிடையாது. ஒரே முகத்தோடு பிறந்த இரண்டு அந்நியர்கள்.

வீடு என்ற குடிதான் எங்கள் அரச கடிதங்களில் நிறைந்திருக்கிறது. குடித்தொகை, குடிவரவு, குடியுரிமை. அரசு வெளியாட்களைக் கொண்டுவந்து காணி கொடுத்த இந்த மாகாணத்தில் குடியேற்றம் என்ற சொல்லைச் சொன்னால் எத்தனை பேருக்கு வயிறு எரியும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. எங்களை எண்ணவும் குடியேற்றவும் அகற்றவும் அந்தச் சொல்லை இவ்வளவு நுணுக்கமாகப் பாவிக்கத் தெரிந்த ஓர் அரசுக்கு, ஒரு நோயாளியின் தாயிடம் கேள்வி கேட்கும்போது மட்டும் அதற்கு ஒரே ஒரு பொருள்தான் தெரிந்திருக்கிறது. “குடிப்பாரா?” என்று வினையாகக் கேட்டிருந்தால் அம்மா இல்லை என்று சொல்லியிருப்பாள். “சாராயம் பாவிப்பாரா?” என்று கேட்டிருந்தால் காதைப் பொத்தியிருப்பாள். யாரோ ஒருவர் அந்தப் பொடியனுக்குச் சில கிழமைகள் தமிழ் படிப்பித்து, சான்றிதழ் கொடுத்து, எங்கள் உயிர்மேல் எழுதும் பேனையையும் கொடுத்து அனுப்பிவிட்டார்.

கதை அத்தோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

ஓய்வறையில் சிரித்தவர்களில் யாரோ அதைப் பகிடியாக எழுதி வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். பெயர் போடவில்லை, ஊர் போட்டிருந்தார்கள். முடிவில் “தகுதிவாய்ந்த குடிமகன்” என்று ஒரு வரி, கண்ணீர் வரச் சிரிக்கும் மூன்று மஞ்சள் முகங்கள். அது குழுவுக்குக் குழு பாய்ந்து பழுகாமத்துக்கு வந்து சேர்ந்தபோது பகிடி உதிர்ந்து போயிருந்தது. மிஞ்சியது ஒன்றுதான்: ஆசுப்பத்திரிக் கடதாசியில் அவன் குடிகாரன் என்று எழுதியிருக்கிறது, தங்கச்சி டீச்சர் அதை மூடிமறைக்க ஒரு கதை கட்டியிருக்கிறாள். வாயைத் திறந்தது நான். அந்தக் கோபத்தை யாரிடம் கொண்டுபோய்க் கொட்ட?

அந்த வருடம் எங்கள் குடியின் வண்ணக்கர் பொறுப்பு அண்ணனுக்கு வரவேண்டும். முன்பு இருந்தவர் வயதாகி ஒதுங்கிவிட்டார். அடுத்தது அண்ணன் என்பது இரண்டு வருடத்துக்கு முன்பே பேசி முடித்தது. மாசி மாதம் ஒரு ஞாயிறு காலை, எனக்குச் சின்ன மாமா முறையான ஒருவர் வீட்டுக்கு வந்தார். அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி, எங்கள் குடிதான். தேத்தண்ணி குடித்து முடியும்வரை மழையைப் பற்றிப் பேசினார். பிறகு சொன்னார்.

“மருமகன், ஊரில ஒரு கதை அடிபடுது. கோயில் விசயம். உனக்கும் சுகமில்ல. இந்த முறை விட்டுக் குடன்.”

“ஆருக்கு மாமா?” என்று அண்ணன் கேட்டான்.

“ஆராவது. நான் வேணுமெண்டாலும் நிக்கிறன்.”

அண்ணன் தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அவர் போனபிறகு நான்தான் பேசினேன். பேசினேன் என்பதைவிடக் கத்தினேன் என்பது சரி. குடி என்ற பொய்யைச் சொல்லிக் குடியின் உரிமையைப் பறிக்கப் பார்க்கிறார்கள் என்று கத்தினேன். அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு, அண்ணனையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அந்தச் சிறிய வைத்தியசாலைக்குப் போனேன்.

பதிவறையில் இருந்தவர் கோப்பை எடுத்துத் தரவே ஒரு மணித்தியாலம் எடுத்தார். அந்த வரியை வெட்டச் சொன்னேன். எழுதினதை வெட்டேலாது என்றார். பிழையாக எழுதினதை என்றேன். பிழையோ சரியோ எழுதினது எழுதினதுதான் என்றார். நான் மேசையில் அடித்துக் கேட்ட சத்தத்தில் உள்ளே இருந்த டொக்டர் வெளியே வந்தார்.

அவர்தான். மெலிந்தவர், முப்பது வயதிருக்காது. அம்மாவை அடையாளம் கண்டு கைகூப்பினார். உள்ளே கூப்பிட்டு இருத்தினார். நான் சொல்லவேண்டியதை எல்லாம் வழியிலேயே வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன், ஆனால் அம்மா முந்திக்கொண்டாள்.

“மனே, அண்டைக்கு நீங்க கேட்ட குடி எது?”

அவருக்கு விளங்கவில்லை. நான் விளக்கினேன். மெதுவாக, வகுப்பில் சொல்வது போல. பாதியிலேயே அவருடைய முகம் மாறத் தொடங்கியது. கோப்பை இழுத்துத் தன் கையெழுத்தை வாசித்தார். பிறகு எழுந்து நின்றார். நாற்காலியில் இருந்துகொண்டு அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை போலும்.

“எனக்கு வகுப்பில ஒரு குடி மட்டும்தான் படிப்பிச்சாங்க” என்றார். பிறகு அண்ணனுக்கு முன்னால் வந்து, “ஐயா, பிழை என்னுடையது. மன்னிக்கணும்” என்றார்.

அண்ணன் கூச்சத்தில் நெளிந்தான். “பரவாயில்ல டொக்டர்” என்றான். எனக்குப் பரவாயில்லை என்று தோன்றவில்லை. ஒருவன் தன் பிழையை ஒத்துக்கொள்வது பெரிய விசயம்தான். ஆனால் ஒரு முழு நாளும் கெட்டுப்போன சிறுநீரகமும் அதைவிடப் பெரியவை. அதை அவருடைய முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். வரியை வெட்ட அவருக்கும் அதிகாரமில்லையாம். கீழே திருத்தம் எழுதிக் கையொப்பமிட்டார். எனக்குக் கடிதமும் வேண்டும் என்றேன். ஆங்கிலத்தில் அரைப் பக்கம் எழுதினார். பிறகு சற்று யோசித்துவிட்டு அதன் அடியில் தன் கையாலேயே தமிழில், பிள்ளைகளின் எழுத்தைப் போலப் பெரிது பெரிதாக, மூன்று வசனம் எழுதினார்.

பங்குனியில் கோயில் மண்டபத்தில் கூட்டம். வருடாவருடம் வைகாசியில் நடக்கும் கோயில் சடங்குக்கு முன்னால் வண்ணக்கர்மாரைத் தீர்மானிக்கும் கூட்டம். ஆண்கள் முன்னால் பாயில்; பெண்கள் நாங்கள் ஓரத்தில், தூணுக்குப் பின்னால். எங்கள் குடியின் முறை வந்ததும் சின்ன மாமா எழுந்தார்.

“எனக்கு மருமகனோட ஒரு கோவமுமில்ல. ஆனா ஆசுப்பத்திரிக் கடதாசியில குடி எண்டு எழுதியிரிக்கு. அப்பிடி ஒரு ஆளக் கோயில் பொறுப்பில விட்டா நாளைக்கு ஊர் என்ன சொல்லும்?”

சிலர் தலையாட்டினார்கள். இரண்டு பேர் சிரிப்பை அடக்குவதைக் கண்டேன். நான் கடிதத்தைக் கையில் பிடித்தபடி எழும்ப முயன்றேன். என் தோளை அழுத்தி இருத்திவிட்டு அம்மா எழும்பினாள்.

அந்த மண்டபத்தில் ஒரு பெண் கூட்டத்தில் எழும்பிப் பேசியதை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை.

“என்ட புள்ளைக்குக் குடி இரிக்கெண்டு டொக்டரிட்டச் சொன்னது நான்தான்” என்றாள். “இப்பவும் சொல்லுறன், இரிக்கு. அது என்ட வயித்தால வந்த குடி. தம்பி, உனக்கு இரிக்கிற குடியும் உன்ட தாயிர வயித்தால வந்ததுதான். இஞ்ச முன்னுக்கு இரிக்கிற ஆம்பிளையள் எல்லாருக்கும் குடி தந்தது பின்னுக்கு இரிக்கிற நாங்க. தாறதுக்கு நாங்க வேணும், பேசுறதுக்கு மட்டும் வேணாமா? என்ட புள்ள குடிச்சத உங்களில ஒருத்தர் கண்டிரிந்தா எழும்பிச் சொல்லுங்க. ஒருத்தர் சொன்னாப் போதும், நாங்க வீட்ட போறம்.”

ஒருவரும் எழும்பவில்லை. அண்ணனைச் சாராயம் குடிக்கச் சொல்லி இழுத்துத் தோற்றுப்போன கூட்டாளிமார் நாலு பேர் முதல் வரிசையிலேயே இருந்தார்கள். அவர்களும் வாய் திறக்கவில்லை. குடித்தான் என்றும் சொல்லவில்லை, குடிக்கமாட்டான் என்றும் சொல்லவில்லை. பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கடிதத்தைக் கோயில் செயலாளரிடம் கொடுத்தேன். அவர் ஓய்வுபெற்ற தபாலதிபர், எதையும் உரத்து வாசிக்கிறவர். ஆங்கிலத்தை ஒருதரம் வாயசைத்துப் படித்துவிட்டு, தமிழை மட்டும் எல்லோருக்கும் வாசித்தார்.

“இவர் குடிப்பவர் அல்ல. இவருக்கு குடி உண்டு. பிழை என்னுடையது.”

முதலில் யாரோ ஒரு பெண் சிரித்தாள். பிறகு மண்டபம் முழுக்கச் சிரித்தது. சின்ன மாமாவும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு விசயம் முடிந்தது என்று எல்லோரும் தீர்மானித்துவிட்டது போல, அண்ணனின் பெயரை எழுதிக்கொண்டு அடுத்த குடிக்குப் போனார்கள். அவதூறு சொன்னதற்கு ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா இருந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, “தண்ணி இரிக்கா பிள்ள?” என்று மட்டும் கேட்டாள்.

சடங்கு நன்றாக நடந்தது. அண்ணன் வெள்ளை வேட்டியும் சால்வையுமாக எங்கள் குடியின் இடத்தில் நின்றான். ஆள் பாதியாகியிருந்தான், வேட்டி இடுப்பில் நிற்காமல் இரண்டு தரம் இழுத்துக் கட்டினான்.

அந்தக் கிழமை முடிய, வீட்டு முற்றத்தில் அவனோடு இருந்தபோது கேட்டேன்.

“உனக்குக் கோவமே வராதா?”

“ஆரில?”

“அந்த டொக்டரில.”

“அந்தாள் ஒரு பிழை விட்டார். விட்டுட்டு எனக்கு முன்னால வந்து நிண்டு பிழையெண்டு சொன்னார். வேற மொழிக்காரன், ஊர் தெரியாது, குடி தெரியாது. எங்கட ஆக்களுக்கு என்னைத் தெரியும். எல்லாம் தெரியும். இத்தனை நாளில ஒருத்தனாவது வந்து அப்பிடி ஒரு சொல்லுச் சொன்னானா?”

அவன் கோபத்தோடு பேசி நான் கேட்டது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். குரலை உயர்த்தவில்லை.

அடுத்த ஞாயிறு சின்ன மாமா சைக்கிளில் வந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து நான் கதிரையை இழுத்துப் போட்டேன். அவர் இருக்கவில்லை. கோடையில் விதைத்த சின்னப்போக வெள்ளாண்மைக்குப் பூச்சி விழுந்திருக்கிறதாம், மருந்தடிக்கிற மெசின் பழுதாகிவிட்டதாம்.

“மருமகன், நீதான் இனி வயலுக்குள்ள இறங்குறதில்லையே. உன்ட மெசினை ஒருக்காத் தா.”

அண்ணன் உள்ளே போய் மெசினைத் தூக்கிவந்து, குழாயைச் சுற்றி, சைக்கிள் பின்னால் வைத்துக் கயிற்றால் கட்டியும் விட்டான்.

நான் கொடுத்திருக்க மாட்டேன்.